ஆண்டவர் பேசினார் என்று சொல்வதற்கு முன்

பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த நாட்களில் எரேமியா அரண்மனைக் காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தார். பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்வான் என்று அவருக்கு ஒரு வார்த்தை வருகிறது. நாளைக்கே எதிரி கைக்குப் போகப்போகிற ஊரில் நிலம்! அவர் அவசரப்படவில்லை. அனாமெயேல் நிஜமாகவே முற்றத்துக்குள் வந்து நின்று கேட்ட பிறகுதான், தனக்குள் ஒலித்தது கர்த்தருடைய வார்த்தைதான் என்று தெரிந்துகொண்டதாக அவரே சொல்கிறார். அப்புறம் 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துக் கிரயப் பத்திரம் எழுதி, அதை மண்பாண்டத்தில் போட்டுப் பத்திரப்படுத்துகிறார். ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்தக் குரலோடு பழகியவருக்கே, கேட்டதற்கும் நம்பியதற்கும் நடுவில் ஓர் இடைவெளி தேவைப்பட்டது. எரேமியா 32-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் நிலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த இடைவெளியைப் பற்றிப் பேசுவது குறைவு.

தமிழ்ச் சபைகளில் சாட்சி நேரத்தில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம், "ஆண்டவர் என்னோடு பேசினார்." சொல்பவர் பொய் சொல்வதில்லை. காலையில் வேதம் வாசிக்கும்போது ஒரு வசனம் நெஞ்சில் தைத்திருக்கும். முழங்காலில் இருக்கையில் யாரோ ஒருவருடைய முகம் திடீரென்று நினைவில் எழுந்திருக்கும். பிரசங்கியார் தனக்காகவே பேசியது போல இருந்திருக்கும். இவற்றில் எது ஆண்டவருடையது, எது தன் ஆசை, எது நேற்றைய கவலையின் மிச்சம் என்று பிரித்தறியக் கற்றுக்கொள்ளலாம் என்கிறது ஒரு நீண்ட கிறிஸ்தவ மரபு. கத்தோலிக்கத் தியான இல்லங்களில் அது தேர்ந்து தெளிதல். பெந்தெகொஸ்தே முகாம்களில் ஆண்டவருடைய சத்தத்தைக் கேட்டல். இந்த மரபை நான் மதிக்கிறேன். கேட்காத ஜெபம் பாதி ஜெபம் என்றே நினைக்கிறேன். அதனாலேயே இன்றைய நடைமுறையின் ஒரு பெரிய குறை கண்ணை உறுத்துகிறது. கேட்கக் கற்றுத்தருகிற இடங்கள் பலவும், கேட்டதை மறுக்கக் கற்றுத்தருவதில்லை. "இது ஆண்டவர் அல்ல" என்று ஒருமுறைகூடச் சொல்லிப் பழகாத காதை, பழகிய காது என்று எப்படிச் சொல்வது?

முதலில் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பயிற்சி நம் வாயை மூட வைக்கிறது. நம் ஜெபங்களில் பெரும்பகுதி விண்ணப்பம்: மகளுக்கு வரன், மகனுக்கு விசா, அம்மாவின் சர்க்கரை, வீட்டுக் கடன். கேட்பதில் தவறொன்றும் இல்லை; கேளுங்கள் என்றுதான் இயேசுவும் சொன்னார். ஆனால் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு ஆமென் சொல்லி எழுந்து போகிறவருக்கு, எதிரில் இருப்பவர் பேச நேரமே இல்லை. பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மௌனத்தில் முதலில் மேலே வருவது நாம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த காரியம். பேசாமல் இருக்கும் அண்ணன், திருப்பிக் கொடுக்காத பணம், வேலைக்காரப் பெண்ணிடம் பேசிய பேச்சு.

1920களிலும் 30களிலும் ஃபிராங்க் புக்மன் நடத்திய ஆக்ஸ்ஃபோர்டு குழு இதையே ஒரு முறையாக்கியது. காலையில் எழுந்ததும் நோட்டும் பென்சிலுமாக உட்கார வேண்டும். மௌனத்தில் வருவதை எழுத வேண்டும். எழுதியதை நேர்மை, தூய்மை, தன்னலமின்மை, அன்பு என்னும் நான்கு அளவுகோல்களில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒத்துவராததை அடித்துவிட வேண்டும். அதில் சேர்ந்தவர்கள் பழைய கடனைத் தீர்த்தார்கள், பகைத்தவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டார்கள். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் குடிமீட்பு இயக்கம் அந்தக் குழுவின் பழக்கங்களிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. கேட்டவருக்கே செலவு வைக்கும் குரலை நான் எளிதில் சந்தேகிக்க மாட்டேன். தன் சொந்த மனம் அப்படித் தன்னிடமே தண்டல் வசூலிப்பது அபூர்வம்.

ஆனால் அதே புக்மன் 1936 ஆகஸ்டில் நியூயார்க் நாளிதழ் ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில், கம்யூனிசத்துக்கு எதிரான அரண் என்று ஹிட்லரை மெச்சிப் பேசினார். தினமும் விடியலில் நோட்டோடு உட்கார்ந்து வழிநடத்துதல் கேட்டவர் அவர். கேட்கும் பழக்கம் அவரை அந்தத் தவறிலிருந்து காப்பாற்றவில்லை. அவருடைய நான்கு அளவுகோல்களும் தனி மனிதனின் உள்ளத்தை அளக்க வந்தவை. நாட்டில் யார் யாரை நசுக்குகிறார்கள் என்று பார்க்க அவற்றில் கண் இல்லை. சோதனை எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்தான் கேட்டலும் நம்பத் தகுந்தது.

பயிற்சி உண்மையில் என்ன செய்கிறது? மானுடவியலாளர் தான்யா லூர்மன் சிகாகோவிலும் கலிபோர்னியாவிலும் வைன்யார்ட் சபைகளில் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து பார்த்து, 2012-ல் ஒரு நூல் எழுதினார். அந்தச் சபையில் சிலர் காலையில் தங்களுக்கு ஒரு கோப்பை காப்பி ஊற்றி, எதிர் நாற்காலிக்கு முன் ஆண்டவருக்கும் ஒன்று வைத்து, உட்கார்ந்து பேசுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் தங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று திணறுகிறார்கள். மாதங்கள் போகப் போக, மனதில் ஓடும் எண்ணங்களில் சிலவற்றைத் தன்னுடையவை அல்ல என்று அடையாளம் காணப் பழகுகிறார்கள். காதிலேயே ஒலித்த அனுபவமும் பலருக்கு உண்டு, ஆனால் அது எப்போதோ ஒருமுறை, நாலைந்து சொற்கள், அவ்வளவுதான். லூர்மன் ஒரு சோதனையும் நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு மாதம், நாளுக்கு அரைமணி நேரம் ஒலிப்பதிவு கேட்க வைத்தார். ஒரு சாராருக்கு வேதக் காட்சிகளை ஐம்புலன்களாலும் கற்பனை செய்து ஜெபிக்கும் பயிற்சி. இன்னொரு சாராருக்கு நற்செய்தி நூல்களைப் பற்றிய விரிவுரை. கற்பனை செய்து ஜெபித்தவர்களுக்கு மனக்காட்சி கூர்மையானது. அசாதாரணமான ஆன்மிக அனுபவங்களையும் அவர்களே கூடுதலாகச் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு, எல்லாம் கற்பனைதான் என்று நாத்திகர் சொல்லலாம். பார், வாசல் திறந்தது என்று விசுவாசி சொல்லலாம். இரண்டையும் இந்தச் சோதனை தீர்த்துவைக்காது. அது தீர்த்துவைப்பது வேறு ஒன்றை. தெளிவாகக் கேட்பது பழக்கத்தாலும் சுபாவத்தாலும் வருகிறது. நாவல் படித்தால் அதிலேயே மூழ்கிப்போகிறவர், சூரியன் மறைவதைப் பார்த்து உலகை மறந்து நிற்கிறவர், இத்தகைய அனுபவங்களுக்கு எளிதில் ஆட்படுகிறார். ஆகவே, துல்லியமாகக் கேட்டேன் என்பது, கேட்டது ஆண்டவருடையது என்பதற்கு ஆதாரம் ஆகாது. கேட்டவர் பரிசுத்தவான் என்பதற்கும் ஆகாது. நம் சபைகளில் ஒருவர் கண்ணீரோடும் நடுங்கும் குரலோடும் சொல்லும்போது அந்த உக்கிரத்தையே அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். 1741-ல் அமெரிக்காவின் எழுப்புதல் காலத்தில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் இதைத் தெளிவாக வரையறுத்தார். உடல் நடுக்கம், கூக்குரல், மனதில் ஆழப் பதியும் காட்சிகள், இவை எதையும் நிரூபிப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை என்றார். அவர் எழுப்புதலின் எதிரி அல்ல, அதன் தலைவர்களில் ஒருவர்.

அப்படியானால் எதை வைத்துச் சோதிப்பது? வைன்யார்ட் சபையில் லூர்மன் கண்டவை நான்கு. நானாக நினைத்திருக்க மாட்டாத எண்ணமா? வேதத்தில் நாம் அறிந்த ஆண்டவர் சொல்லக்கூடியதா? சூழ்நிலையோ ஜெபிக்கும் மற்றவர்களோ அதை உறுதிப்படுத்துகிறார்களா? மனதில் சமாதானம் இருக்கிறதா? தமிழ்நாட்டுப் போதகர்கள் சொல்வதும் ஏறத்தாழ இவைதான்.

முதல் சோதனை பலவீனமானது. மனம் இயல்பிலேயே தாவும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நாம் எதிர்பாராத எண்ணங்கள் எத்தனை வந்து போகின்றன! இரண்டாவது வேலி போல உறுதியானது. கணவனைவிட்டு வேறொருவரோடு போ, கூலியைப் பிடித்துக்கொள் என்று சொல்லும் குரலை அது வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் வேலிக்குள்ளே நூறு வழிகள் இருக்கின்றன. துபாய் வேலையா, கோயம்புத்தூர் வேலையா என்பதற்கு வேதத்தில் பதில் இல்லை. பதில் இருப்பதாகக் காட்ட நாம் வசனத்தைத் திருக வேண்டியிருக்கிறது. மூன்றாவது, உறுதிப்படுத்துகிறவர் யார் என்பதைப் பொறுத்தது. ஆகாப் ராஜா போருக்குப் போகலாமா என்று கேட்டபோது ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் போகலாம் என்றார்கள். மாறிச் சொன்ன மிகாயா கன்னத்தில் அறை வாங்கிக் காவலுக்குப் போனான். ராஜாவின் சம்பளத்தில் இருந்தவர்களின் ஒருமனத்தை உறுதிப்பாடு என்று எப்படிச் சொல்வது?

நான்காவது சோதனைதான் எல்லாரும் அதிகம் நம்புவது. "எனக்குள்ளே ஒரு பெரிய சமாதானம், பாஸ்டர்" என்று சொன்னால் அதற்குமேல் யாரும் பேசுவதில்லை. ஆண்டவருக்குக் கீழ்ப்படியாமல் தர்ஷீசுக்குக் கப்பலேறிய யோனா, புயலில் மாலுமிகள் அலறிக்கொண்டிருக்கையில் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். ஆண்டவருக்கு முற்றிலும் கீழ்ப்படிந்த இயேசு, கெத்செமனேயில் வியர்வை இரத்தத் துளிகளாக விழும்படி வியாகுலப்பட்டார். சமாதானத்தை மட்டும் வைத்து அளந்தால் யோனா சரி, இயேசு தவறு. நீண்ட நாள் இழுபறிக்குப் பின் ஏதோ ஒரு முடிவை எடுத்துவிட்டாலே, அது எந்த முடிவாக இருந்தாலும், மனம் இளகும். அந்த இளகலைத்தான் பல நேரம் ஆண்டவருடைய ஒப்புதல் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இந்தச் சிக்கலை நான் படித்தவர்களில் அதிக நுட்பமாகக் கையாண்டவர் லொயோலா இஞ்ஞாசியார். 1521-ல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை நொறுக்கியது. லொயோலா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர், வாசிக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் கதைகளும்தான் கிடைத்தன. ஒரு சீமாட்டிக்காகத் தான் செய்யப்போகும் சாகசங்களை மணிக்கணக்கில் கனவு காண்பார்; பிறகு பிரான்சிஸைப் போல, தோமினிக்கைப் போல வாழ்ந்தால் என்ன என்றும் கனவு காண்பார். இரண்டும் அந்த நேரத்தில் இனித்தன. கனவு கலைந்த பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. முதலாவது அவரை வறட்சியில் விட்டுப் போனது. இரண்டாவது போன பிறகும் நிறைவு மிஞ்சியது. இனிக்கும் நேரத்தில் தீர்ப்புச் சொல்லாமல், பின்னால் தங்குவதைப் பார் என்கிற அவருடைய முழு முறையும் இந்தப் படுக்கையில் பிறந்தது.

அவர் ஒரே நாளில் தெளிவடையவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மொன்செராத் மலைக்குப் போகும் வழியில், மரியாளின் கன்னிமை பற்றித் தன்னோடு வாதாடிவிட்டு முன்னால் போன ஒரு மூர் இனத்தவரைத் துரத்திக் குத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தெரியாமல், கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளரவிட்டார். அது மூர் போன ஊருக்குத் திரும்பினால் குத்துவது என்று எண்ணினார். கழுதை நெடுஞ்சாலையிலேயே போனது. ஓர் உயிர் பிழைத்தது. அடையாளம் கேட்டு நிற்கும் பக்தி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இதை அவரே முதுமையில் சொல்லி எழுதவைத்தார். மன்ரேசாவில் பல கண்கள் கொண்டது போல ஒளிரும் ஒரு காட்சி அடிக்கடி தோன்றி அவருக்கு இன்பம் தந்தது. பிற்பாடு அதைத் தீயது என்று கண்டு விரட்டினார். படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் பெரிய ஆன்மிக ஒளிகள் வந்து தூக்கத்தைக் கெடுத்தன. இவை நல்ல ஆவியிடமிருந்து வந்தவைதானா என்று யோசித்தார். தூங்குவதற்கென்று ஒதுக்கிய நேரத்தில் இவை ஏன் வர வேண்டும்? ஒதுக்கிவிட்டுத் தூங்கினார். பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் படிக்க உட்கார்ந்ததும் ஜெபத்தில்கூட வராத ஞானம் வந்து குவிந்தது. அதையும் சோதனை என்று கண்டு, ஆசிரியரிடம் போய் இனி பாடத்தைத் தவறவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

இனிமையான, பக்தியான, விசுவாசம் நிறைந்த அனுபவங்களை வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டவர் எழுதியது அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூல். 1548-ல் போப் மூன்றாம் பவுல் அதை அங்கீகரித்தார். ஆவிகளைத் தேர்ந்து தெளிவதற்கு அதில் பயிற்சியின் முதல் வாரத்துக்கு 14 விதிகள், இரண்டாம் வாரத்துக்கு 8. வறட்சியில் இருக்கும்போது, முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவற்றில் ஒன்று. இன்னொன்று அதைவிடக் கூர்மையானது. ஆண்டவரே தந்த ஆறுதலாக இருந்தாலும், அந்தக் கணத்தையும் அதற்குப் பின்வரும் கதகதப்பான நேரத்தையும் பிரித்துப் பார். பின்வரும் நேரத்தில் நம் சொந்தத் திட்டங்களை நாமே சேர்த்துக்கொள்கிறோம். ஆண்டவர் "பயப்படாதே" என்று சொன்னது உண்மையாக இருக்கலாம். "ஆகையால் அடுத்த மாதமே வேலையை ராஜினாமா செய்" என்பது நாம் ஒட்டவைத்த வால்.

இந்த முறையிலும் குறைகள் இருக்கின்றன. முழுப் பயிற்சிக்கு 30 நாள் மௌனம் வேண்டும், அனுபவமுள்ள வழிகாட்டி வேண்டும். வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு இவை எங்கே கிடைக்கும்? அன்றாட வேலைகளுக்கு நடுவே நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிச் செய்வதற்கும் இஞ்ஞாசியார் வழி சொல்லியிருக்கிறார். அதுவும் பலருக்கு எட்டாத நேரம்தான். இன்னொரு குறை ஆழமானது. உள்ளத்தின் ஏற்ற இறக்கத்தையே அவர் அளவுகோலாக்குகிறார். மனச்சோர்வு நோய் உள்ளவருக்கு அந்த அளவுகோலே பழுதாகியிருக்கும். அவருடைய வறட்சி மூளையிலும் உடலிலும் இருக்கிறது. அதைத் தீய ஆவியின் வேலை என்று படிக்கிற வழிகாட்டி பெரிய தீங்கு செய்கிறார்.

16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் எல்லாரும் எல்லாரையும் சந்தேகித்தார்கள். இஞ்ஞாசியாரே அல்காலாவில் 42 நாளும் சலமான்காவில் 22 நாளும் திருச்சபை விசாரணையில் சிறையிருந்தார். அந்த விசாரணைகளின் கொடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விகளுக்கு நடுவில் வளர்ந்ததால் அந்தத் தலைமுறையின் ஜெப நூல்களில் ஒரு நிதானம் இருக்கிறது. நாலு காசு பெறும் தியானத்திலேயே ஆண்டவர் பேசினார் என்று புறப்படுகிறவர்களைக் கண்டு சிலுவை யோவான் திகைத்துப்போனார். பெரும்பாலும் அவர்கள் தங்களுக்குத் தாங்களே பதில் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. அவர் ஆழ்ந்த ஜெபத்தின் ஆசான்களில் ஒருவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

இதே மரபு நம் நாட்டில் எப்படி வேலை செய்தது என்பதற்குக் கொல்கத்தா நல்ல உதாரணம். 1946 செப்டம்பர் 10-ஆம் தேதி டார்ஜிலிங் போகும் ரயிலில், ஏழைகளிலும் ஏழைகளுக்குச் சேவை செய்யத் தனக்கு அழைப்பு வந்ததாக அன்னை தெரேசா உணர்ந்தார். அப்போது அவர் லொரேட்டோ சபைச் சகோதரி. தொடர்ந்து பல மாதங்கள் இயேசுவின் குரல் உள்ளுக்குள் கேட்டது. அவர் அதைச் சொன்னது தன் ஆன்ம வழிகாட்டி வான் எக்ஸெம் அடிகளிடம். அவர் இஞ்ஞாசியார் தொடங்கிய இயேசு சபைக்காரர். உடனே தலையாட்டவில்லை, சில மாதங்கள் காத்திருக்கச் சொன்னார். பிறகு விஷயம் பேராயர் ஃபெர்டினாண்ட் பெரியேயிடம் போனது. அவரும் இயேசு சபைக்காரர். தெரேசா கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி அவசரப்படுத்தினார். பேராயர் அசையவில்லை. எப்படிப் பிழைப்பீர்கள், யார் வந்து சேர்வார்கள், இருக்கிற சபைகளால் செய்ய முடியாததா இது என்று உலகியல் கேள்விகளைக் கேட்டார். ரோமின் அனுமதி வந்து, 1948 ஆகஸ்டில்தான் தெரேசா கன்னியர் மடத்தைவிட்டு நீலக்கரை வெள்ளைச் சேலையில் வெளியே வந்தார்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். அந்தத் தாமதத்தைச் சிலர் அதிகாரத்தின் பிடிவாதம் என்பார்கள். அதில் கொஞ்சம் அதுவும் இருந்திருக்கும். ஆனால் பேராயர் செய்தது தெரேசாவை அவமதிப்பது அல்ல. அவர் கேட்டது ஆண்டவருடையதானால் இரண்டு ஆண்டுகளில் கெட்டுப்போகாது என்று நம்பியதும் ஒருவகை விசுவாசம்தான். கேட்டவருக்கு எந்த லாபமும் தராத, கேட்டவரைத் தெருவுக்கு அனுப்பும் ஒரு குரலைக்கூட அவ்வளவு சோதித்தார்கள். நம் ஊரில் ஒரு சபைக் கட்டடத்துக்கான இடத்தை ஆண்டவர் காட்டினார் என்றால், மறுநாளே அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்.

இனி அதிகாரத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். 1 ராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தில், யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவமனிதனுக்கு அங்கே அப்பம் புசிக்கவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது என்ற கட்டளை இருந்தது. பெத்தேலின் கிழத் தீர்க்கதரிசி ஒருவன், உன்னை வீட்டுக்கு அழைத்து வரும்படி ஒரு தூதன் என்னிடம் சொன்னான் என்று பொய் சொன்னான். இளையவன் நம்பினான், சாப்பிட்டான், திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. தனக்கு நேரடியாகச் சொல்லப்பட்டதை, தன்னைவிட மூத்தவன் "எனக்கும் சொன்னார்" என்றதும் விட்டுக்கொடுத்தான்.

இது நம் ஊரில் பெரும்பாலும் கல்யாண விஷயத்தில் நடக்கிறது. "ஆண்டவர் எனக்குக் காட்டினார்மா, இந்தத் தம்பிதான் உனக்கு" என்று போதகர் சொல்கிறார். அம்மா கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொல்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் பையனைப் பிடிக்கவில்லை. இப்போது அவள் பையனை மறுத்தால், ஆண்டவரை மறுத்தவளாகிறாள். வீட்டில் யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருக்கிறது. இப்படிப் பேசுகிறவர்களில் பலர் கெட்ட எண்ணத்தோடு பேசுவதில்லை என்பதுதான் இதைக் கண்டிக்கக் கடினமாக்குகிறது. நான் ஒரு விதியாகவே சொல்வேன்: இன்னொருவருடைய உடலையும் பணத்தையும் வாழ்க்கையையும் பற்றி எனக்குக் கேட்ட குரலுக்கு, அந்த மனிதர் சுதந்திரமாகச் சரி என்று சொல்லும்வரை எந்த அதிகாரமும் இல்லை. ஏலி இதை அறிந்திருந்தார். சிறுவன் சாமுவேலுக்கு ஆண்டவருக்குக் காது கொடுக்கக் கற்றுத்தந்தவர் அவர். சாமுவேல் முதன்முதலில் கேட்டதோ ஏலியின் வீட்டுக்கு எதிரான தீர்ப்பு. விடிந்ததும், ஒன்றையும் மறைக்காமல் சொல் என்று வற்புறுத்திக் கேட்டு, கேட்டதை ஏற்றுக்கொண்டார். தன்னைக் கண்டிக்கும் வார்த்தையையும் மாணவன் வாயால் கேட்கத் தயாராயிருந்த ஆசிரியர்!

தவறிவிட்டேன் என்று சொல்ல இடமிருக்கிறதா என்பதும் ஒரு சபையை அளக்க உதவும். 2020 அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப் ஜெயிப்பார் என்று ஆண்டவர் சொன்னதாகப் பல தீர்க்கதரிசிகள் அறிவித்தார்கள். அவர்களில் ஜெரமையா ஜான்சன் 2021 ஜனவரியில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக்குப் பிறகு தனக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததாகவும் சொன்னார். தவறாகச் சொன்னபோது கிடைத்த கைதட்டல், தவறை ஒப்புக்கொண்டபோது வசையாக மாறியது. அந்த ஆண்டே கரிஸ்மாட்டிக் தலைவர்கள் சிலர் சேர்ந்து, தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று நெறிமுறை அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். நல்ல தொடக்கம். தமிழில் அப்படி ஒன்று எழுதப்பட்டால் கையெழுத்திடுகிறவர்களைக் காண ஆவலாயிருக்கிறேன்.

புத்தாண்டு இரவில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையைப் பற்றிக் கடுமையாகப் பேச மனம் வரவில்லை. நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றைக் குழந்தை எடுக்கிறது; ரோஜாப் படத்துக்குக் கீழே ஒரு வசனம்; அது வருடம் முழுக்க வேதாகம உறைக்குள் இருக்கிறது. ஹெர்ன்ஹூட் மொரேவியச் சகோதரர்கள் 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்டுவரும் தினவசன நூலுக்கும் பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆறுதலுக்கு அது போதும். அதை வைத்து நிலம் வாங்குவதும் வரன் முடிப்பதும் வேறு. மிலான் தோட்டத்தில் குழந்தைக் குரல் கேட்டு வேதத்தைத் திறந்து மனந்திரும்பிய அகஸ்டினே, உலகக் காரியங்களுக்காக நற்செய்தி நூலின் பக்கங்களில் குறி பார்க்கும் வழக்கம் தனக்குப் பிடிக்கவில்லை என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். தவிர, நம் தட்டில் ஆமோசின் கண்டனங்கள் எழுதிய அட்டைகள் எதுவும் இருப்பதில்லை.

குரல் நோயாகவும் இருக்கலாம் என்பதைச் சபைகள் கூச்சமில்லாமல் பேச வேண்டும். லூர்மனும் உடன் ஆய்வாளர்களும் கலிபோர்னியாவின் சான் மாட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் குரல் கேட்கும் மனநோயாளிகளை, இடத்துக்கு 20 பேராகப் பேட்டி கண்டு 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அமெரிக்கர்களுக்குக் குரல் பெரும்பாலும் கொடூரமாக, அந்நியமாக ஒலித்தது. சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது உறவினர்களின் குரலாக, வீட்டுவேலை சொல்லும், கண்டிக்கும் குரலாக இருந்தது. ஊரும் உறவும் குரலுக்குக் கூட உடுப்பு மாட்டிவிடுகின்றன. ஆகவே, குரல் அன்பாக இருந்தது, வேத நடையில் பேசியது என்பதால் மட்டும் அது நோயல்ல என்று ஆகிவிடாது. ஜெபத்தில் கேட்பவை அரிதானவை, சுருக்கமானவை, மனிதரை அலைக்கழிக்காதவை. நாள் முழுக்கத் தொடர்ந்தால், பல குரல்களானால், தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னால், மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். ஸ்பானியத் துறவி அவிலா தெரேசா 1577-லேயே, இப்படிப்பட்ட சகோதரிகளை மிரட்டாமல், நோயாளிகளிடம் பேசுவதைப் போலப் பேசும்படி தலைவிகளுக்கு எழுதினார். அவரும் குரல் கேட்டவர்தான்.

கடைசியாக, ஒன்றும் கேளாதவர்கள். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-ல் நூலாக வந்தபோது உலகம் அதிர்ந்தது. தெருவில் இறங்கிய பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை. 1997-ல் இறக்கும்வரை, 1958-ல் சிறிது காலம் தவிர, ஏறக்குறைய 50 ஆண்டுகள் உள்ளே இருட்டு. அவர் கேட்டது இரண்டு ஆண்டு சோதிக்கப்பட்டிருந்ததால்தான், அது நின்ற பிறகும் அதன்மேல் நிற்க முடிந்தது என்று நினைக்கிறேன். மூன்றே நாளில் ஆண்டவர் சத்தத்தைக் கேட்கலாம் என்று துண்டறிக்கை அடிக்கும் முகாம்கள் இந்த 50 ஆண்டுகளை என்ன செய்யும்?

ஜெபக் குழுவில் வட்டமாக உட்கார்ந்து, இந்த வாரம் ஆண்டவர் என்ன பேசினார் என்று ஒவ்வொருவராகச் சொல்லும்போது, "எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க" என்று ஒருவர் சொல்கிறார், பெரும்பாலும் தலையைக் குனிந்துகொண்டு. உடனே உபவாசம், பாவ அறிக்கை, கூடுதல் ஜெபம் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். அடுத்த வாரம் அவர் ஏதோ கேட்டதாகச் சொல்லிவிடுகிறார், வேறு வழியில்லாமல்தான். அவருக்கு வைத்தியம் தேவையில்லை. குழுவை நடத்துகிறவர், சரி அண்ணே என்று ஏற்றுக்கொண்டு அடுத்தவரிடம் போகலாம். அதற்கடுத்த வாரமும் அவர் அதையே சொன்னால், அப்போதும் சரி என்று சொல்லலாம்.